எல்லாப் பழியும் பனிக்கு இல்லை: குட்டியானை ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டிய மைலேஜ் கணக்கு

மார்கழி பிறந்ததும் செங்கல்பட்டு–காஞ்சிபுரம் சாலையில் ஓடும் குட்டியானை, பிக்கப் ஓட்டுநர்களிடம் ஒரே புலம்பல்தான்: "வண்டி மைலேஜே கொடுக்க மாட்டேங்குது." பழையசீவரத்தில் பாலாற்றுப் பக்கமிருந்து பனி இறங்கும் விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவருக்கு, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தாலும் அன்றைய வருமானத்தில் இடிக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று தெரியாமல் தலையாட்டிவிட்டால், வண்டியின் கோளாறும் பங்க்கின் குறையும்கூடப் பனியின் கணக்கில் போய்விடும்.

குளிரில் மைலேஜ் ஏன் குறைகிறது? இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் கெட்டிப்பட்டு, அவற்றைச் சுழற்றவே கூடுதல் சக்தி செலவாகிறது. இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வரும்வரை டீசல் முழுமையாக எரியாது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 35 டிகிரியில் இருப்பதைவிட 20 டிகிரியில் சுமார் 5 சதவீதம் கனம் கூடிய காற்றை வண்டி கிழித்துக்கொண்டு போக வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ் மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஓடும் பெட்ரோல் காருக்குச் சுமார் 15 சதவீதம் குறையும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் பயணமென்றால் 24 சதவீதம்வரை போகலாம். லடாக்கில் டீசலே கெட்டிப்பட்டுவிடும் என்பதால்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலைக் கொண்டுவந்தது.

நம் பக்கத்துக் குளிர் அந்த வகை அல்ல. காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வரும் மாட்டுப் பொங்கல் சமயத்திலும் விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் இங்கே பனியின் பங்கு சிறியது. லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 14-க்கு இறங்கினால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் டயர். மதியம் 35 டிகிரி வெயிலில் 60 பி.எஸ்.ஐ. பிடித்த பின் டயர், விடியலில் 20 டிகிரிக்கு வரும்போது மூன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கியிருக்கும். காற்று குறைந்த டயர் சாலையோடு அழுந்தி உருளும். அதற்கு டீசல் கூடுதலாக வேண்டும். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் காற்றைப் பார்ப்பதே சரி. பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிப்பது இலவசச் சேவை. காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட் வால்வு. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கோடையில் வண்டி ஹீட் ஆகிறது என்று போனால், சில மெக்கானிக்குகள் இந்த வால்வையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கூலன்ட் சுமார் 80 டிகிரிக்கு மேல் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்கு அனுப்புவது இந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சித்திரையில் அது நிம்மதியாகத் தெரியும்; மார்கழியில் இன்ஜின் சூடேறவே வெகுநேரமாகும், டீசல் வீணாகும், ஆயிலில் கசடு சேரும், உள்பாகங்கள் தேயும். பி.எஸ்.6 டீசல் வண்டியானால் சைலன்சரோடு உள்ள டி.பி.எஃப். வடிகட்டியிலும் கரி சீக்கிரம் அடையும். அதை எரித்துத் தள்ள வண்டி கூடுதல் டீசல் குடிக்கும். சூட்டு முள் வெகுதூரம் ஓடியும் நடுவுக்கு வரவில்லையென்றால், வால்வு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் நேராகக் கேளுங்கள். எந்த உதிரிபாகத்தைக் கழற்றினார், எதை மாற்றினார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

காலையில் இன்ஜினைப் பத்து நிமிடம் ஆன் செய்து வைப்பதும் வீண். அரை நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் இன்ஜின் அதைவிட வேகமாகச் சூடாகும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். அதற்கு வாசனை கிடையாது, எச்சரிக்கை கிடையாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் குறைந்தால், பங்க்கைப் பார்க்க வேண்டும். அங்கே உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. 5 லிட்டர் அளவுகலனைக் கேட்டு, அதில் டீசலைப் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்தக் குழாயில் விற்கக் கூடாது. அளவுகலனிலும் பம்பிலும் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். பம்புக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. கலப்படச் சந்தேகம் இருந்தால் அடர்த்தியைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹைட்ரோமீட்டரில் தெரியும் எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். குளிரில் டீசலின் அடர்த்தி கூடுதலாகவே காட்டும், ஆகவே அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றி, பங்க்கின் பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்படலாம். பில் வாங்காமல் நகராதீர்கள். புகார்ப் புத்தகம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். விடியற்காலையில் போட்டால் டீசல் கூடுதலாகக் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். தொட்டி மண்ணுக்கடியில் இருப்பதால் அதன் சூடு காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை.

புகாருக்கு முன் கணக்கு வேண்டும். டேங்க் ஃபுல் செய்து கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அதே பங்க்கில் ஃபுல் செய்து, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஏற்றிய லோடையும் எழுதுங்கள். இப்படிச் சில முறை எழுதிய நோட்டு, வாய்ப்பேச்சை ஆதாரமாக மாற்றும். ஓவர்லோடு ஏற்றியிருந்தால் உங்கள் புகாரே பலவீனமாகிவிடும். பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

"லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று யாராவது சொன்னால் பின்வாங்கிவிடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தொடர்பான வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியது: பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரியோ ஆட்டோவோ வாங்குகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். முழுக்க முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டினால் அந்த உரிமை போய்விடும். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு ஓட்டுநர் உரிமையாளரும் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மைலேஜுக்காக வழக்குப் போட்டு வென்றவர்கள் இருக்கிறார்கள். லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஃபோர்டு டீசல் கார் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாகக் கொடுத்ததாக வந்த புகாரில், கேரளத்தின் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-இல் 3.10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. நிபுணர் ஒருவர் காரை ஓட்டிப் பார்த்துக் கொடுத்த அறிக்கைதான் அங்கே கைகொடுத்தது. ஆகவே நீங்களும் நிபுணர் சோதனை வேண்டும் என்று ஆணையத்திடம் கேளுங்கள்.

பங்க்கின் அளவில் குறை என்றால், தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கும், பங்க்கில் எழுதி வைத்திருக்கும் எண்ணெய் நிறுவன எண்ணுக்கும் புகார் சொல்லலாம். எங்கே போவது என்று குழம்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.