ஒரு சொல்லும் இரு பொருளும்: கால்செதோன் பேரவை பற்றிய ஓர் ஆய்வு

கிறித்துவின் இறைமையும் மாந்தன்மையும் எவ்வாறு ஒன்றி நிற்கின்றன என்னும் வினா, கிறித்தவ சமயத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் பெரும் வழக்காய் எழுந்தது. கி.பி. 451-இல் கால்செதோன் நகரிற் கூடிய பேரவை அதற்கு விடை வகுத்தது. ஆயினும் அவ்விடையே கீழைத் திருச்சபைகளைப் பிளந்தது. அப்பிளவிற்குக் கொள்கை வேற்றுமையோடு ஒரு கிரேக்கச் சொல்லின் பொருள் வேற்றுமையும் காரணமாயிற்று என்பதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

முதற்கண் வழக்கின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். மகன் படைக்கப்பட்டவர் என்று அலெக்சாந்திரியாவின் குருவாகிய ஆரியுஸ் கற்பித்தார். 325-இல் கூடிய நிசேயா பேரவை அதனை மறுத்து, மகனும் தந்தையும் ஒரே உள்பொருளினர் என நிறுவிற்று. இறைமை இவ்வாறு உறுதிப்படவே, மாந்தன்மை எத்தகையது என்னும் ஐயம் தலைதூக்கியது. இலவோதிக்கேயாவின் ஆயர் அப்பொலினாரியுஸ், கிறித்துவிடம் மாந்த அறிவு இருக்க வேண்டிய இடத்தில் இறைவாக்கே நின்றது என்றார். இறைவன் ஏற்காத பகுதி நலம் பெறாது. ஆகலின் மாந்தனின் அறிவு மீட்கப்படாதொழியும் எனக் கூறி நசியான்சு நகர்க் கிரகோரியார் அதனை மறுத்தார். இம்மறுப்பினால், இவ்வழக்கு வெறும் சொற்போர் அன்று, மாந்தனின் மீட்பே இதன் உயிர்நிலை என்பது பெறப்படும். 381-இல் கூடிய கொன்ஸ்தாந்திநோபில் பேரவை அப்பொலினாரியுஸின் கொள்கையை விலக்கியது.

428-இல் கொன்ஸ்தாந்திநோபிலின் ஆயரான நெஸ்தோரியுஸ், மரியாளை ‘இறைவனை ஈன்றவள்’ என்பதினும் ‘கிறித்துவை ஈன்றவள்’ என்பதே தகும் என்றார். இறைமை பிறத்தலும் இறத்தலும் இலது என்பது அவர் கருத்து. அலெக்சாந்திரியாவின் சிரிலோ, பிறந்தவரும் பாடுபட்டவரும் இறைவாக்காகிய ஒருவரே. அவரை இருவராக்குதல் தகாது என்றார். 431-இல் எபேசு நகரிற் கூடிய பேரவை நெஸ்தோரியுஸைப் பதவியினின்றும் நீக்கியது.

இனி, அச்சொல்லை நோக்குவோம். அதுவே ‘ஃபூசிஸ்’ என்பது. ஒரு பொருளை இன்னதெனக் காட்டும் இயல்பு என்னும் பொருளில் அதனை வழங்குவார், கிறித்துவிடம் இரண்டு ஃபூசிஸ் உள என்றனர். உயிரோடு நின்றியங்கும் ஒரு தனிப்பொருள் என்னும் பொருளில் அதனை ஆண்ட சிரில், மனுவுருவான ஒரே ஃபூசிஸ் என வற்புறுத்தினார். எனினும் அவரே 433-இல், இரண்டு இயல்புகளின் ஒன்றிப்பை ஏற்கும் உடன்படிக்கைக்கு இசைந்தார். பொருள் தெளிந்தவிடத்துச் சொல் தடையாகவில்லை என்பதற்கு இதுவே தக்க சான்றாகும்.

பின்னர் யூத்திக்கஸ் என்னும் துறவி, ஒன்றிப்பின்பின் இயல்பு ஒன்றே என்றுரைக்க, மாந்தன்மை இறைமையில் மறைந்தொழிந்ததோ என்னும் அச்சம் பிறந்தது. கால்செதோன் பேரவை, கிறித்து இரண்டு இயல்புகளில் அறியப்படும் ஓர் ஆள் என வரையறுத்தது. அவ்விரண்டும் கலவாமலும் மாறாமலும் பிளவுபடாமலும் பிரியாமலும் உள்ளன என்றது. இந்நான்கும் எதிர்மறைச் சொற்களே என்பது கருதத்தக்கது. ஒன்றிப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்று பேரவை கூறவில்லை. கடக்கலாகா எல்லைகளையே காட்டிற்று.

எகிப்து, சிரியா, ஆர்மீனியா ஆகிய நாடுகளில் பலர் இவ்வரையறையை ஏற்றிலர். இரண்டு இயல்பு என்றல் சிரிலைக் கைவிடுதலாம் என்று அவர் அஞ்சினர். ஆயின் அவரும் யூத்திக்கஸின் கொள்கையை விலக்கினர். அரசியற் பூசலும் நகர்களிடை நிலவிய போட்டியும் பிளவை வளர்த்தன என்பதனையும் மறுத்தற்கில்லை.

1973-இல் உரோமைத் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டியத் திருச்சபைத் தலைவர் மூன்றாம் செனூடாவும், கிறித்து நிறைவான இறைவனும் நிறைவான மாந்தனும் ஆவார் எனக் கூட்டாக அறிக்கையிட்டனர். பதினைந்து நூற்றாண்டுகள் பிரிந்து நின்றோர், பழஞ்சொல்லைப் பற்றிப் பூசலிடாது, பொருளில் ஒன்றுபட்டனர். ஒரு சொல்லை ஆண்டவர் எப்பொருளில் ஆண்டார் என்று ஆராய்ந்த பின்னரே அவர் கொள்கையை மதிப்பிடுதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் தெளிவு.