சோழவரத்து ஓடுபாதை

விமானம் என்றால் நமக்கு மீனம்பாக்கமும் தாம்பரமுமே நினைவுக்கு வரும். சோழவரத்தை மறந்துவிட்டோம். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும்வரை அதுவும் நம் செங்கற்பட்டு மாவட்டத்து ஊரே.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கின. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினர். அந்த உலகப் போர்க் காலத்தில் எழுந்ததே சோழவரம் விமானத்தளம். 1945-இல் போர் முடிந்தது. தளத்துக்கு வேலையில்லாது போயிற்று.

ஓடுபாதை என்பது மேடு பள்ளமின்றி, நேராக, அகலமாக இருக்கவேண்டியது. வேகமாகக் கார் ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பந்தயங்கள் நடத்தியது. கோவை கரிவரதன் போன்றோர் காரோட்டிப் புகழ் பெற்றனர். மாமல்லபுரத்துக்காரரான என் பாட்டனார் இரண்டு பஸ் மாறிப் போய், வெயிலில் நின்று பார்த்தவர். "டயர் கருகும் வாடை இன்னும் மூக்கில் நிற்கிறதடா" என்பார்.

ஆனால் விமானத்துக்கென்று போட்ட பாதையில் வளைவு ஏது? அதைப் பந்தயக்காரர்களே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் அமைந்தது. சோழவரம் இரண்டாம் முறையாக ஓய்ந்தது. புதிய தடத்தைப் பார்க்கப் பாட்டனார் ஒரு முறைகூடப் போகவில்லை.