பிறர் கொள்கையும் அமானிதமே!

ஈஸ்டர் பண்டிகை கழிந்த மறுவாரம். மாலை மதரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற பின்னரும், பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி மட்டும் கிதாபை மார்போடு அணைத்தவாறு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஹஜ்ரத், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் தோழி ஈஸ்டர் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். 'நீங்கள் மூன்று கடவுளை வணங்குகிறவர்கள். அல்லாஹ், ஈஸா நபி, மர்யம் அம்மா என்று மூன்று பேரை வைத்திருக்கிறீர்கள்' என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். 'நாங்கள் ஒரே கடவுளைத்தான் வணங்குகிறோம், நீ சொல்வது பொய்' என்றாள். நான் பொய்யா சொன்னேன், ஹஜ்ரத்?"

அக்கேள்விக்கு அப்போது என்னால் விடை கூற இயலவில்லை. ஏனெனில், அச்செய்தியை அவளுக்குக் கற்பித்தவன் நானேதான்.

என்றோ ஒரு பயானில் கேட்டதை ஆராயாமல் நான் வகுப்பில் கூறியிருந்தேன். கேட்டதையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்னும் கருத்துடைய நபிமொழியைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்தவனும் நானே! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கல்லூரியில் என்னுடன் வரலாறு பயின்ற கிறிஸ்தவ நண்பர் ஒருவர் இப்போது ஆசிரியராக இருக்கிறார். மறுநாளே அவரைத் தேடிச் சென்றேன். அவர்தம் வேதத்தையும், விசுவாசப் பிரமாணத்தையும், திருச்சபை வரலாற்று நூல்களையும் சில வாரங்கள் ஊன்றிப் படித்தேன். படித்துணர்ந்ததை நம் குடும்பத்தாரின் பார்வைக்கு இங்கு வைக்கிறேன்.

உயிர்த்தெழுதல் என்னும் அடித்தளம்

கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆணைப்படி இயேசு சிலுவையில் அறையப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை மரித்தார், கல்லறையில் வைக்கப்பட்டார், மூன்றாம் நாளாகிய ஞாயிறன்று இறைவன் அவரை உயிர்த்தெழச் செய்தான் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. கல்லறை வெறுமையாக இருந்ததை முதலில் கண்டவர்கள் பெண்களே என்று நான்கு சுவிசேஷங்களும் கூறுகின்றன. மகதலேனா மரியாளின் பெயர் நான்கிலும் காணப்படுகிறது.

இந்நம்பிக்கையைக் குறித்து எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, சுவிசேஷங்களுக்கும் முந்தியதாகிய, பவுல் கொரிந்து நகரத்தாருக்குக் கி.பி. 55 வாக்கில் எழுதிய முதல் நிருபமாகும். அதன் 15 ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களென அவர் ஒரு பட்டியல் தருகிறார். பேதுருவும், பன்னிருவரும், 500க்கு மேற்பட்ட சகோதரர்களும், யாக்கோபும் அதில் இடம்பெறுகின்றனர். கடைசியாகத் தம்மையும் சேர்த்துக்கொள்கிறார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. மாண்ட உடல் மீண்டும் மூச்சுவிட்டுப் பின்னொரு நாள் மறுபடியும் மடிவதை அவர்கள் உயிர்த்தெழுதல் என்று கருதுவதில்லை. இனி மரணமே இல்லாத வாழ்வுக்கு எழுப்பப்படுதலையே அச்சொல் குறிக்கிறது. உலக முடிவில் மனிதர் யாவரும் எழுப்பப்படுவர். அந்த அறுவடைக்கு முன்னதாகக் கொய்யப்பட்ட முதற்பலனே இயேசு என்று பவுல் விளக்குகிறார். ஆகவே ஈஸ்டர் என்பது அவர்களுக்கு ஒரு தனிமனிதரின் அற்புதத்தைக் கொண்டாடும் நாள் மட்டுமன்று. மறுமை உண்டென்பதற்கு அவர்கள் காணும் அச்சாரமுமாகும்.

ஒருவனா? மூவரா?

இனி, இறைவனின் தன்மை குறித்த அவர்களின் கொள்கைக்கு வருவோம். யூதக் குலத்தில் தோன்றிய அந்த முதற்சீடர்கள் ஏகத்துவத்தில் ஊறியவர்கள். 'இறைவன் ஒருவனே' என்று காலையும் மாலையும் ஓதி வந்தவர்கள். அத்தகையோர், இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நம்பிய பின்னர் அவரை ஆண்டவர் என அழைக்கலாயினர். அவர் பெயரால் பிரார்த்திக்கலாயினர். அப்போதுதான் பெரும் வினா ஒன்று எழுந்தது. இறைவன் ஒருவனே என்றால், இயேசு யார்? இவ்வினாவோடு அவர்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் போராடினர். திரித்துவம் என்பது அப்போராட்டத்தின் முடிவில் அவர்கள் கண்ட விடை. இறைவனின் ஒருமையைக் கைவிடுவதற்காக அன்று, அதைக் காத்துக்கொண்டே இயேசுவைப் பற்றிய தம் நம்பிக்கையையும் கூறுவதற்காகவே அவ்விடையைக் கண்டதாக அவர்கள் கருதுகின்றனர்.

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்னும் குருவானவர், சுதன் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த நிலையும் உண்டு என்று போதித்தார். இதனால் எழுந்த கலகத்தைத் தீர்க்க, பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 325 இல் நைசியா நகரில் ஆயர்களின் சங்கத்தைக் கூட்டினார். இன்று துருக்கியில் இஸ்னிக் எனப்படும் ஊர் அது. அச்சங்கம் கூடி 2025 ஆம் ஆண்டுடன் 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. சுதன் படைக்கப்பட்டவர் அல்லர், பிதாவுடன் ஒரே உள்ளமையை உடையவர் என்று அச்சங்கம் முடிவு செய்தது. கி.பி. 381 இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கம் பரிசுத்த ஆவியைப் பற்றிய கொள்கையை விரித்துரைத்தது. உள்ளமை ஒன்று, அதில் ஆள்நிலை மூன்று என்பதே அவர்களின் வாய்பாடு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்போரே அம்மூவர். மர்யம் (அலை) அவர்கள் அதில் இல்லை.

மூன்று கடவுளர் என்று கூறுவதையும், ஒருவரே மூன்று வேடம் புனைந்தார் என்று கூறுவதையும் திருச்சபை தவறென்றே தள்ளியிருக்கிறது. 'சுதன்' என்னும் சொல்லை உடல்வழிப் பிறப்பாக அவர்கள் பொருள் கொள்வதும் இல்லை. சுடரிலிருந்து ஒளி புறப்படுவதை அவர்கள் உவமையாகக் காட்டுவர். அவ்வுவமையை நாம் ஏற்பதில்லை என்பது வேறு. அவர்கள் கூறாததைக் கூறியதாக உரைப்பது வேறு.

அல்மாயிதா அத்தியாயத்தின் 116 ஆம் வசனம், ஈஸா (அலை) அவர்களையும் அவர்தம் அன்னையாரையும் வணக்கத்திற்குரியோராக ஆக்குவதைக் கண்டிக்கிறது. ஆயினும் மர்யம் (அலை) அவர்கள் திரித்துவத்தின் மூன்றாமவர் என்று அவ்வசனம் எங்கும் கூறவில்லை. நான்தான் அவ்வாறு கூறினேன். பிழை என் வாயில் இருந்தது, இறைமறையில் இல்லை.

நம் மேடைகளில் கேட்கப்படும் வேறு சில கூற்றுகளும் திருத்தப்பட வேண்டியவையே. நைசியாவில் வாக்கெடுத்துச் சுவிசேஷங்களைத் தேர்ந்தெடுத்தனர் என்பர். அச்சங்கத்தின் 20 விதிகளிலும் வேத நூல்களின் பட்டியல் கிடையாது. ஆரியுஸ் நம்மைப் போன்ற ஏகத்துவவாதி என்பர். அவரோ, சுதன் உலகத்திற்கு முன்பே இருந்தவர், அவர் மூலமே உலகம் படைக்கப்பட்டது என்று நம்பியவர். மறுபுறம், திரித்துவம் என்னும் சொல் பைபிளில் இல்லை என்பதைக் கிறிஸ்தவ அறிஞர்களே ஒப்புக்கொள்கின்றனர். மாற்கு சுவிசேஷத்தின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய ஏடுகள் இரண்டில் இல்லை என்பதையும் அவர்களே தம் பதிப்புகளில் குறித்துக் காட்டுகின்றனர். தமக்குப் பாதகமானதையும் மறைக்காத அந்த நேர்மை நமக்கும் வேண்டாமா?

நாம் பிரியும் இடம்

அவ்வாறாயின் அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமையே இல்லையா? உண்டு. அது மிக ஆழமானது. ஆனால் ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்றுதானே என்னும் வாய்ப்பாட்டுக் கணக்கில் அது இல்லை.

ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அல்லாஹ் அவர்களைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 157, 158 ஆம் வசனங்கள் அறிவிக்கின்றன. ஆகவே நம்மைப் பொறுத்தவரை அங்கு மரணமும் இல்லை. மரணம் இல்லாதவிடத்துக் கல்லறையினின்று எழுதலும் இல்லை. அவர்களின் நம்பிக்கைச் சங்கிலியின் முதற்கண்ணியிலேயே நாம் பிரிந்துவிடுகிறோம்.

மனிதகுலத்தின் பாவத்திற்காக இறைவனே மனிதனாகி வந்து துன்புற்றான், அதுவே அவனது அன்பின் உச்சம் என்று கிறிஸ்தவர் உருகுகின்றனர். நாமோ, ஆதம் (அலை) அவர்கள் தவ்பாச் செய்தார்கள், அல்லாஹ் மன்னித்தான், ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்று நம்புகிறோம். மன்னிப்பதற்கு அவனுக்கு விலை தேவையில்லை. பெறுவதும் பெறப்படுவதும் அவனுக்கு இல்லை. ஈஸா (அலை) அவர்கள் தந்தையின்றிப் பிறந்ததும், தாய் தந்தை இருவருமின்றி ஆதம் (அலை) படைக்கப்பட்டதும் அவனது ஆற்றலுக்கே சான்றுகள். இதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஐயமில்லாதவன் பிறர் கொள்கையைத் திரித்துக் கூற வேண்டிய தேவை என்ன?

நாம் இணையும் இடம்

பவுல் ஏதென்ஸ் நகரில் மரித்தோர் எழுப்பப்படுவதைப் பற்றிப் பேசியபோது, அங்கிருந்தோரில் சிலர் எள்ளி நகையாடினர் என்று அவர்தம் வேதம் கூறுகிறது. உக்கிப்போன எலும்புகளை யார் உயிர்ப்பிப்பார் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் மக்கத்துக் குறைஷியர் கேலி பேசியதை யாஸீன் அத்தியாயத்தில் ஓதுகிறோம். மண்ணாகிய மனிதன் மீண்டும் எழுவான், தன் வினைகளுக்குக் கணக்குக் கொடுப்பான் என்று நம்பியதற்காக இரு சமுதாயத்தாரும் ஒரே விதமாகப் பரிகசிக்கப்பட்டனர். மண்ணறையோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணி வாழ்வோர் பெருகிவரும் இக்காலத்தில், மறுமையை நம்பும் அண்டை வீட்டார் ஒருவர் நமக்கு இருப்பது சிறிய செய்தியன்று.

முன்னோர் காட்டிய முறை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுத்து 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' எழுதியதை நாம் பெருமையுடன் கூறுவோம். அத்தத்துவவாதிகளின் நோக்கங்களை உள்ளவாறே விளக்கி 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்னும் நூலையும் அவர்கள் எழுதியதை மறந்துவிடுகிறோம். ஒரு கொள்கையை முழுதும் உணராமல் மறுக்கப் புகுவது இருளில் எறியும் கல் போன்றது என்பதே அவர்களின் கருத்து. கி.பி. 1153 இல் மறைந்த ஷஹ்ரஸ்தானி அவர்கள், கிறிஸ்தவர்களுள் மல்கானிய்யா, நஸ்தூரிய்யா, யஃகூபிய்யா என்னும் பிரிவினரின் வேறுபாடுகளைத் தனித்தனியே பிரித்தெழுதினார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர்கள் கொண்டிருந்த கவனம், நூல்கள் மலிந்த இக்காலத்தில் நம்மிடம் குறைந்தது ஏன்?

பைத்துல் முகத்தஸ் நகரில் ஓர் ஆலயம் உண்டு. இயேசு அடக்கம் செய்யப்பட்டு உயிர்த்தெழுந்த இடம் அதுவே என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை. கி.பி. 335 இல் அர்ப்பணிக்கப்பட்ட அவ்வாலயத்திற்கு அரபுமொழியில் 'கனீஸத்துல் கியாமா' என்று பெயர். நாம் கியாமத் என்கிறோமே, அதே வேர்ச்சொல்தான்! 1009 இல் ஃபாத்திமிய மன்னர் ஹாகிம் அதனை இடிப்பித்தார் என்னும் வருந்தத்தக்க செய்தியும் வரலாற்றில் உண்டு. ஆனால் அவ்வாலயத்தின் திறவுகோல் தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பத்தாரிடம் இருந்து வருகிறது. கதவைத் திறக்கும் பொறுப்பு மற்றொரு முஸ்லிம் குடும்பத்தாருடையது. ஜூதா குடும்பத்தார் சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்திலிருந்தும், நுஸைபா குடும்பத்தார் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்திலிருந்தும் இப்பொறுப்பைத் தாம் வகித்து வருவதாகக் கூறுகின்றனர்.

உள்ளே நம்பப்படுவதை அவர்கள் நம்புவதில்லை. ஆயினும் கதவைச் சேதப்படுத்தாமல், திறவுகோலைத் தொலைக்காமல், உரிய நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். பிறருடைய கொள்கையைத் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் அத்தகைய திறவுகோலையே கையில் வைத்திருக்கிறோம்.

சில வாரங்கள் கழித்து அம்மாணவியை அழைத்தேன். "மகளே, நீ சொன்னது தவறுதான். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர்கள் இறைவன் ஒருவனே என்றுதான் கூறுகிறார்கள். அவ்வொருவனைப் பற்றி அவர்கள் கூறும் விளக்கத்தைத்தான் நாம் ஏற்பதில்லை. உன் தோழியிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேள்" என்றேன்.

மறுநாள் மாலை ஓடோடி வந்தாள். "சொல்லிவிட்டேன், ஹஜ்ரத். அவள் சிரித்துவிட்டாள். 'உங்கள் வேதத்தில் எங்கள் மாதாவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டாள். மர்யம் என்று ஒரு ஸூராவே இருக்கிறது என்றேன். அவளால் நம்பவே முடியவில்லை!"

அந்த ஸூராவைத்தான் ஜஃபர் (ரலி) அவர்கள் அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஓதினார்கள். கேட்ட மன்னரின் கண்கள் கலங்கின. அழகிய முறையிலன்றி வேதத்தையுடையோருடன் தர்க்கிக்க வேண்டாம் என்று பணித்த வல்ல நாயன், அறிந்ததை மட்டும் பேசும் நாவையும், அறியாததைக் கேட்டறியும் பணிவையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.