வடக்கு தெற்காக நிற்கும் இலைகள்

வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளரும் திசைகாட்டிச் செடியின் அடியிலைகள் செங்குத்தாக நின்று, விளிம்புகளை வடக்கு தெற்காகத் திருப்பிக்கொள்கின்றன. ஏன்? காலை, மாலைச் சாய்வெயில் இலைப்பரப்பில் முழுதாக விழும். உச்சிவெயிலோ விளிம்பை மட்டும் தொடும். இலை அதிகம் சூடேறாது, நீரும் மிச்சமாகும். எப்படித் திரும்புகிறது? இலை வளரும் பருவத்தில் காலைச் சூரியன் நிற்கும் இடமே அதன் திசையைத் தீர்மானிக்கிறது.

மஞ்சள் பூக்களுக்குத் தேனீக்கள் வரும். விதைகளைக் கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் தின்னும். காய்ந்த தண்டுக்குள் ஒருவகைக் குட்டிக் குளவியின் புழுக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும். ஆகவே இலையுதிர் காலத்தில் தண்டை வெட்டாமல் விடுவதே நல்லது.

தோட்டத்தில் வைப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். முதலில் ஆணிவேர்தான் ஆழமாக இறங்கும். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். வேரூன்றிய செடியை இடம் மாற்றவே கூடாது.