பெருக்க ஒரு மணி, பிரிக்க மூன்று ஆண்டு

வியாபாரிக்குப் பிடித்த எண் டஜன். 12 சோப்புகளை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எப்படியும் சமமாக அடுக்கலாம். ஒன்று கூடி 13 ஆகிவிட்டால் எந்த அடுக்கிலும் ஒன்று மிஞ்சும். இப்படி 1ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்று பள்ளியில் படித்திருக்கிறோம்.

சிறிய எண்ணில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரிய எண்ணில்?

1ஐ 67 தடவை இரட்டித்து, வருவதில் 1ஐக் கழித்தால் 21 இலக்க எண் கிடைக்கும்: 147,573,952,589,676,412,927. பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1644இல் இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்தார். 1876இல் லூக்கா என்ற கணித அறிஞர் அது தவறு என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்களால் வகுபடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. சரக்கில் கலப்படம் உண்டு என்பது தெரிந்தது. கலந்தது எது என்பது தெரியவில்லை!

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் விடையை அளித்தார். வாய் திறக்காமல் கரும்பலகையில் 193,707,721ஐ 761,838,257,287ஆல் பெருக்கிக் காட்டினாராம். அதே 21 இலக்க எண் வந்தது. இதைக் கண்டுபிடிக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்ததாக அவர் சொன்னாராம்.

பழைய கணக்கப்பிள்ளைகள் இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்ப்பார்களே, அதையும் போட்டுப் பாருங்கள். முதல் எண்ணின் இலக்கங்கள் 37, அதாவது 10, அதாவது 1. இரண்டாவது 64, அதுவும் 1. பெருக்கி வந்தது 109, அதுவும் 1. கணக்கு இடிக்கவில்லை.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்ற இந்த வேற்றுமையை வைத்தே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977இல் ஒரு பூட்டு செய்தார்கள். இணையத்தில் ரகசியத் தகவல்களைப் பாதுகாக்க இன்றும் பயன்படும் முறைகளில் அதுவும் ஒன்று. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்ததை வெளியே சொல்லிவிடலாம். அதைக் கொண்டு யாரும் பூட்டலாம். திறக்க அந்த இரண்டு எண்களும் தெரிய வேண்டும். 2020இல் இப்படிப்பட்ட 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். ஒரே ஒரு ப்ராசஸர் கோர் மட்டும் அந்த வேலையைச் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டு ஆகியிருக்கும். புழக்கத்தில் உள்ளவற்றில் பல 617 இலக்கம் கொண்டவை.

ஆகவே நம் பணத்தைக் குறிவைக்கும் திருடன் கணக்குப் போட்டுக் கொண்டிருக்க மாட்டான். போன் செய்து ஓடிபி கேட்பான். கடைப் பையன்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

2024 அக்டோபரில், அதுவரை அறியப்பட்டதிலேயே மிகப் பெரிய பகா எண் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. 1ஐ 13,62,79,841 தடவை இரட்டித்து 1ஐக் கழித்தால் வருவது அது. கண்டவர் அமெரிக்காவின் லூக் டுராண்ட். 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள்! ஆனால் இவ்வளவு பெரிய எண் இந்தப் பூட்டுக்கு உதவாது. அதுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே.