பின்னால் வரும் வீடு

கணவனும் மனைவியுமாகக் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது நம் பக்கம் இன்னும் அபூர்வம்தான். மலைக்கு அந்தப்புறம் கேரவன் பயணத்துக்கு அரசே ஊக்கம் தருகிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டே வாகமண்ணில் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. தேனியிலிருந்து கம்பம், குமுளி வழியாக அங்கே போகலாம்.

அப்படிப் புறப்படுகிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் முதலில் மதிக்க வேண்டியது காற்றை. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே பாய்ந்து இங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, பக்கவாட்டில் அறைந்தால் பின்வண்டி வாலாட்டத் தொடங்கும். பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். தண்ணீர் கேன், அரிசி, கேஸ் அடுப்பு எல்லாம் பின்கோடியில் குவிந்திருந்தால் ஆட்டம் கூடும். சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் பின்வண்டி காரின் தடத்திலேயே வராது, உள்பக்கம் வெட்டி வரும். மலை ஏறும் இன்னொரு வழியான போடிமெட்டுப் பாதையில் இப்படி 17 வளைவுகள். "ஏங்க, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் திருப்புங்க" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருப்பது பெரிய பலம், கணவர் காதில் வாங்கினால்! இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறையுங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள், விதியும் அதுதான்.

கார்த்திகை, மார்கழி என்றால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குமுளிப் பாதையில் வரிசைகட்டும். கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. கம்பத்திலேயே விசாரித்துவிட்டு மலை ஏறுங்கள்.