பழைய ஜீப்பை 'ஆல்டர்' செய்ய ஆசையா? பிரேக்கை விட்டுட்டு பம்பருக்கு செலவு செய்தால் சிக்கல்!

தேனி,

தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பகுதிகளில் பழைய ஜீப், பொலிரோ வண்டிகளுக்கு இன்றும் கிராக்கி உள்ளது. வயசானாலும் மலைரோட்டில் மூட்டை முடிச்சோடு ஏறிவிடும் என்பதுதான் காரணம்.

வாங்கிய கையோடு பலர் செய்வது என்ன? முன்னால் கம்பி பம்பர், அகல டயர், கண்ணை பறிக்கும் லைட். கையில் இருக்கும் காசு அதிலேயே கரைந்து விடுகிறது. தினமும் பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டிக்கு முதல் செலவு பிரேக்கில்தான் இருக்க வேண்டும்.

போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க், டிரம் எல்லாம் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலில் சேர்ந்த தண்ணீர் அந்த சூட்டில் ஆவியாகிவிடும். அப்புறம் பெடல் மெத்தை மாதிரி அமுங்குமே தவிர வண்டி நிற்காது. 2 வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் போதும். பெரிய செலவு இல்லை. வெளியே தெரியாத வேலை என்பதால் தள்ளிப்போடுகிறார்கள்.

அடுத்து ரேடியேட்டர், ஹோஸ் பைப், ஷாக் அப்சார்பர், பட்டை புஷ். வண்டி தூக்கலாக தெரிய பின்னால் கூடுதல் பட்டை போடுவோரும் உண்டு. காலி வண்டியில் போகும்போது குதிக்கும், இடுப்புதான் போகும்.

டயர் விஷயத்துக்கு வருவோம். பொலிரோவுக்கு 215/75 ஆர்15 டயர். அதை கழற்றிவிட்டு 235/75 போட்டால் சுற்றளவு 4 சதவீதம் கூடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

ஹெட்லைட்டில் 60/55 வாட்ஸ் பல்புக்கு பதில் 100/90 போடுவதும் ஆபத்து. ரிலே இல்லாமல் பழைய ஒயரிங்கில் கொடுத்தால் சுவிட்சும் ஹோல்டரும் உருகும். எதிரே பைக்கில் வருபவர் கதி என்ன என்பதையும் யோசிக்க வேண்டும்.

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு மோட்டார் வாகன சட்டமும் திருத்தப்பட்டது. அதன்படி அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கம்பி பம்பர் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு கடிதம் அனுப்பியது. நடந்து போகிறவர் மீது இடித்தால் உயிரையே குடித்துவிடும் என்பதுதான் அதற்கு சொன்ன காரணங்களில் ஒன்று.

கலர் மாற்றினாலும், என்ஜின் மாற்றினாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்டியாக வேண்டும். அப்போது கம்பி பம்பரும் அகல டயரும் கண்ணில் பட்டால் கழற்றிவிட்டு வரச்சொல்வார்கள். போட்ட கூலி, கழற்றுகிற கூலி என்று 2 செலவு.

விபத்து என்றால் இன்னும் மோசம். சொல்லாமல் செய்த மாற்றத்தை காட்டி, வண்டி சேதத்துக்கான பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க வாய்ப்பு உண்டு.